வண்டியும் சொல்லும்

ஒரு மொழியைப் புதிதாகக் கற்பவர், அம்மொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் தம் மொழியில் நிகரான சொல் ஒன்று உண்டு என்று எண்ணிக் கற்பது வழக்கம். மரம், மழை, கை, கால் என்பன போன்ற பெயர்களுக்கு இம்முறை பெரும்பாலும் பொருந்தும். மனிதர் தாமே வகுத்துக்கொண்ட செயல்களுக்கும் ஒழுங்குகளுக்கும் வரும்பொழுது அது தவறிவிடுகிறது. ஒரு செயல் எதுவரை ஒரு பெயரைப் பெறும், எதற்குமேல் வேறு பெயரைப் பெறும் என்பதை ஒவ்வொரு மக்கட் கூட்டமும் தன் போக்கில் வரையறுத்துக் கொள்கிறது.

மோட்டார் வண்டியைச் செலுத்துதல், அதனை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தல் ஆகிய இரண்டும் உலகெங்கும் நாள்தோறும் நிகழும் எளிய செயல்கள். இவற்றுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வழங்கும் சொற்களை ஒப்புநோக்கினால், அடுத்தடுத்து வாழும் இரு மக்கள் ஒரே செயலை எவ்வளவு வேறாகப் பகுத்துப் பெயரிட்டிருக்கின்றனர் என்பது புலனாகும். மொழியாராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. இலங்கையிற் பிறந்து இலண்டனிலும் பாரிசிலும் மொன்றியலிலும் வண்டி செலுத்தி வாழும் தமிழர் பலர். வீதியோரப் பலகையில் எழுதியிருக்கும் ஒரு சொல்லின் எல்லையைப் பிழையாக உணர்ந்தால், அவர்கள் அதற்குத் தண்டப்பணம் செலுத்த நேரும்.

மோட்டார் வண்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தோன்றியது. புதிய பொருளாகிய அது தனக்கெனச் சொற்களைக் கொண்டு வரவில்லை. குதிரை வண்டியிலிருந்தும், படகிலிருந்தும், புகையிரதத்திலிருந்தும், போர்க்களத்துப் பீரங்கியிலிருந்தும் மக்கள் அதற்குச் சொற்களை எடுத்தனர். எடுத்த இடங்கள் வேறுபட்டதனால் சொற்களின் சாயலும் வேறுபட்டது.

முதலிலே செலுத்துதலை நோக்குவோம். ஆங்கிலேயர் இதனை டிரைவ் என்பர். இது பழைய ஜெர்மானியச் சொல். ஆடுமாடுகளைப் பின்னின்று விரட்டிச் செலுத்துவதே அதன் பழம்பொருள். மந்தையை ஓட்டியவன் குதிரை வண்டியை ஓட்டினான்; பின்னர் மோட்டார் வண்டியையும் ஓட்டினான். பிரெஞ்சுக்காரர் கொந்துவீர் என்பர். இதன் வேர் இலத்தீன். உடன் அழைத்துச் செல்லுதல், வழிநடத்துதல் என்பன அதன் பொருள்கள். ஆக, ஆங்கிலேயர் வண்டியைப் பின்னின்று விரட்டுகின்றனர். பிரெஞ்சுக்காரர் அதன் முன்னே வழிகாட்டிச் செல்கின்றனர். தமிழில் ஓட்டு என்பது ஓடு என்பதன் பிறவினை. மாட்டை ஓட்டினான், ஏரை ஓட்டினான், காரை ஓட்டினான் என்னும் வழக்கு ஆங்கில வழக்கோடு ஒத்துச் செல்வதைக் காணலாம்.

டிரைவ் என்னும் சொல்லின் எல்லை யாது என்னும் வினா 1974ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலே எழுந்தது. வண்டி செலுத்தும் உரிமை பறிக்கப்பட்டிருந்த ஒருவர், தம் காரை இயந்திரத்தின் உதவியின்றி வீதியிலே தள்ளிச் சென்றார். அவருடைய கால்கள் இரண்டும் நிலத்தில் இருந்தன; ஒரு கை மாத்திரம் உள்ளே நீண்டு திசைதிருப்பும் சில்லைப் பற்றியிருந்தது. அவர் வண்டி செலுத்தினார் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. சாதாரண மக்கள் வழக்கிலே அச்செயலை டிரைவ் என்று எவரும் சொல்லார் என்பது அதற்குக் காரணம். பின்னின்று தள்ளிச் செலுத்துவதற்கு மிக அண்மையிலே பிறந்த சொல், பின்னாளில் வண்டியைத் தள்ளுவதையே தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஒரு சொல்லின் இன்றைய பொருளை அதன் பிறப்பைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

வாக்கிய அமைப்பிலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலேயர் ஒருவர் லியோன் நகருக்கு டிரைவ் செய்தார் என்று சொல்வர். போனதும் போன வகையும் ஒரே வினையில் அடங்கிவிடுகின்றன. பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் அவ்வாறு சொல்வதில்லை. லியோனுக்குக் காரிலே போனார் என்பதே அவர்களுடைய இயல்பான பேச்சு. தமிழரும் அவ்வாறே சொல்கின்றனர். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லுதல், வீதியின் வலப்புறமாகச் செல்லுதல் என்பவற்றைச் சொல்லும்பொழுது பிரெஞ்சுக்காரர் உருளுதல் என்னும் பொருளுடைய ரூலே என்னும் வினையை விரும்பி எடுப்பர். இங்கிலாந்திலே மக்கள் இடப்புறமாக வண்டி ஓட்டுகின்றனர். பிரான்சிலே வலப்புறமாக உருள்கின்றனர்.

செலுத்துபவரின் பெயர்களிலே குழப்பம் இன்னும் மிகுதி. பிரெஞ்சிலே ஷோஃபர் என்பது சூடாக்குபவன் என்று பொருள்படும். நீராவி இயந்திரத்தின் உலையிலே நெருப்பை வளர்த்தவனுக்கு அப்பெயர் வழங்கிற்று. நீராவியால் இயங்கிய தொடக்ககால வண்டிகளோடு அப்பெயரும் வீதிக்கு வந்தது. இன்று பிரான்சிலே பஸ் ஓட்டுபவரும், லொறி ஓட்டுபவரும், வாடகைக் கார் ஓட்டுபவரும் ஷோஃபரே. ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சொல்லைக் கடன் வாங்கி, செல்வர் ஒருவரின் சொந்தக் காரைச் சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு மாத்திரம் அதனை உரிமையாக்கினர். ஆதலின், பாரிஸ் நகரத் தொழிலாளி ஒருவர் தாம் ஷோஃபர் என்று சொன்னால், அவர் மாளிகையொன்றிலே சீருடை அணிந்து வேலை பார்ப்பவர் என்று ஆங்கிலேயர் எண்ணிவிடலாம்.

கொந்துக்தர் என்னும் பிரெஞ்சுச் சொல் இதனினும் ஏமாற்றுவது. அது ஆங்கிலத்திலே கொண்டக்டர் ஆயிற்று. பஸ்ஸிலே பற்றுச்சீட்டு வழங்குபவரை இலங்கையிலும் கொண்டக்டர் என்றே மக்கள் அழைக்கின்றனர். பிரெஞ்சிலோ கொந்துக்தர் என்பவர் வண்டியைச் செலுத்துபவர். பற்றுச்சீட்டு வழங்கிப் பணம் பெறுபவருக்கு அங்கே பெறுபவர் என்னும் பொருளுடைய வேறு சொல் உண்டு. பஸ் விபத்தொன்றைப் பற்றிய பிரெஞ்சுச் செய்தியை மொழிபெயர்ப்பவர் ஒலி ஒற்றுமையை நம்பினால், செலுத்தியவர் செய்த பிழையைப் பற்றுச்சீட்டு வழங்கியவர் தலையிலே சுமத்திவிடுவார்.

இனி, நிறுத்துதலைப் பற்றிய சொற்கள். பார்க் என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. வேலி சூழ்ந்த நிலம் என்பது அதன் பொருள். அரசனின் அனுமதியோடு பிரபுக்கள் வேட்டைக்குரிய விலங்குகளை அடைத்து வைத்த நிலங்களுக்கு இங்கிலாந்திலே அப்பெயர் வழங்கிற்று. பின்னர், படைகள் தங்கும் இடத்திலே பீரங்கிகளையும் பாரவண்டிகளையும் வரிசையாக நிறுத்தி வைக்கும் வெளிக்குப் பிரெஞ்சுப் படையினர் பார்க் என்று பெயரிட்டனர். ஆங்கிலப் படையினரும் அவ்வழக்கை ஏற்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பீரங்கிகளை அவ்வாறு நிறுத்துதல் வினையாயிற்று. பின்னர்க் குதிரை வண்டிக்கும், அதன்பின் மோட்டார் வண்டிக்கும் அவ்வினை ஏறிற்று. இன்று கடைவீதியிலே காரை நிறுத்துபவர் ஒருவர், தம்மை அறியாமலே, பீரங்கிப் படையினரின் சொல்லை ஆளுகிறார்.

பிரெஞ்சுக்காரர் வீதியிலே அச்சொல்லை ஆளாது, நீர்நிலையை நோக்கினர். கரே என்னும் வினை அவர்களுடையது. காத்தல், கவனித்தல் என்னும் பொருளுடைய ஜெர்மானிய வேரிலிருந்து பிறந்து, படகை ஆபத்தில்லாத ஒதுக்கிடத்திலே சேர்த்தலைக் குறித்தது. ஆற்றங்கரையிலே படகுகள் ஒதுங்கிய இடத்துக்கு அவ்வேரிலிருந்தே ஒரு பெயர் அமைந்தது. அதனைக் கார் என்று தமிழில் எழுதலாம். முதலெழுத்தைக் கங்கை என்பதன் முதலெழுத்தைப் போல ஒலித்தல் வேண்டும். புகையிரதம் வந்தபொழுது, ஒரு வண்டி மற்றொன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கும் இடம் அப்பெயரைப் பெற்றது. நாளடைவிலே புகையிரத நிலையம் முழுவதற்கும் அதுவே பெயராயிற்று. மோட்டார் வண்டியை ஒதுக்கி வைக்கும் கட்டடம் கராஜ் ஆயிற்று. அச்சொல்லை ஆங்கிலேயரும் பெற்றனர். அவர்கள் வழியாக அது இலங்கைக்கும் வந்து, கார் திருத்தும் இடத்தைக் குறித்து நிற்கிறது.

கரே என்பது பேச்சுவழக்கு. சட்டத்திலும் அறிவிப்புப் பலகையிலும் வருவது ஸ்தஸியொன்மான் என்னும் நீண்ட சொல். நிற்றல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த அது, ஆங்கிலத்திலே புகையிரத நிலையத்தைக் குறிக்கும் ஸ்டேஷன் என்பதற்கு உறவுச் சொல். புகையிரதம் நிற்குமிடத்துக்கு ஆங்கிலேயர் எடுத்த வேரைப் பிரெஞ்சுக்காரர் மோட்டார் வண்டிக்கு எடுத்தனர் என்பது கருதத்தக்கது.

பிரான்சு அளித்த பார்க் என்னும் சொல், 20ஆம் நூற்றாண்டிலே ஆங்கில வாலொன்றை ஒட்டிக்கொண்டு பிறந்தகத்துக்கு மீண்டது. அதுவே பார்க்கிங். ஆயினும் அது மீண்டபொழுது பொருள் மாறிவிட்டது. ஆங்கிலத்திலே பார்க்கிங் என்பது நிறுத்தி வைத்தலாகிய தொழில். இடத்தைச் சொல்ல வேண்டுமானால், இங்கிலாந்திலே கார் பார்க் என்பர். அமெரிக்காவிலே பார்க்கிங் லொட் என்பர். பிரெஞ்சிலோ பார்க்கிங் என்றாலே பெரும்பாலும் இடம். பார்க்கிங் நிறைந்துவிட்டது என்று பிரெஞ்சுக்காரர் சொல்லலாம். அதனை அப்படியே ஆங்கிலத்திற் சொன்னால் பிழையாகும். இரு மொழிக்கும் பொதுவாகத் தோன்றும் சொல்லே இங்கு வழுக்கும் இடமாகிவிட்டது.

இத்தகைய ஆங்கிலச் சொற்களின் வரவைக் கண்டு பிரெஞ்சு அறிஞர் சிலர் கவலை கொண்டனர். ரெனே எத்தியம்பிள் என்பவர் 1964ஆம் ஆண்டிலே பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த பேச்சைக் கடிந்து நூலொன்று வெளியிட்டார். 1975ஆம் ஆண்டிலும் 1994ஆம் ஆண்டிலும் பிரெஞ்சு மொழியின் ஆட்சியைக் காக்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அரசாங்க எழுத்திலே பார்க்கிங் என்பதற்குப் பதிலாக நிறுத்துமிடப் பார்க் என்னும் பொருளுடைய தொடர் வழங்குகிறது. ஆயினும் மக்கள் நாவிலே பார்க்கிங் நிலைத்துவிட்டது. தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, அயலிலிருந்து வந்தவற்றுக்கும் இடம் அளித்தார். மொழிகள் கொடுத்தும் கொண்டும் வாழ்வன என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. தன் வீட்டுச் சொல்லே அந்நியனைப் போல வேடம் மாறி வந்து நிற்பதுதான் பிரெஞ்சுக்காரரின் நிலை.

ஒரே மொழி வழங்கும் நாடுகளுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. சுவிற்சர்லாந்திலே பிரெஞ்சு பேசுவோர் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்க் இடம் என்பர். பாரிஸ்வாசி ஒருவர் அதனைக் கேட்டாற் பூங்காவை நினைக்கக்கூடும். கனடாவின் கியூபெக் மாகாணத்திலே தொழிலுக்கும் இடத்துக்கும் ஸ்தஸியொன்மான் என்னும் ஒரே சொல் வழங்குகிறது. அமெரிக்க ஆங்கிலத்திலே பார்க்வேயில் வண்டி ஓட்டுவர், டிரைவ்வேயில் வண்டி நிறுத்துவர் என்னும் வேடிக்கைப் பேச்சு ஒன்று உண்டு. அதற்கும் விடை வரலாற்றிலே உள்ளது. 1870களிலே நியூயோர்க் நகரின் புரூக்ளினிலே, மரவரிசைகளோடு பூங்காவைப் போன்று அமைந்த அகன்ற வீதிக்குப் பார்க்வே என்று பெயரிட்டனர். வீட்டு வாயில்வரை குதிரை வண்டியை ஓட்டி வரும் தனிப்பாதை டிரைவ்வே. பெயர்கள் தம் காலத்துக்குப் பொருத்தமாகவே பிறந்தன. வீதியின் பயன் மாறிய பின்னும் பெயர்கள் மாறவில்லை.

இதுவரை கூறியவை சொற்களின் வரலாறு. பணமும் வழக்கும் சம்பந்தப்படும் இடம் இனி வருவது. நகரங்களிலே வண்டிகள் பெருகி இடம் சுருங்கியபொழுது, நிற்றலுக்கும் விலை வந்தது. உலகின் முதலாவது வண்டி நிறுத்தக் கட்டணமானி 1935ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரிலே நிறுவப்பட்டது. 1957ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரம் நீலவலயம் என்னும் பகுதிகளை வகுத்து, வந்த நேரத்தைக் காட்டும் அட்டைத் தகட்டைக் கண்ணாடியின் உட்புறம் வைக்கச் செய்தது. அடுத்த ஆண்டு இலண்டனிலே கட்டணமானிகள் தோன்றின. விலை வந்த பிறகு, எது நிற்றல் என்பதைச் சட்டம் துல்லியமாக வரையறுக்க வேண்டியதாயிற்று.

பிரெஞ்சு வீதிச் சட்டம் இரண்டு சொற்களைப் பிரிக்கிறது. ஒன்று அரே; மற்றது ஸ்தஸியொன்மான். ஆட்களை ஏற்றவோ இறக்கவோ, பொருள்களை ஏற்றவோ இறக்கவோ வேண்டிய அளவு நேரம் மாத்திரம் வண்டி நிற்பது அரே. அப்பொழுது செலுத்துபவர் தம் இடத்திலே இருத்தல் வேண்டும், அல்லது தேவை நேர்ந்தால் உடனே வண்டியை அகற்றக்கூடிய அண்மையிலே இருத்தல் வேண்டும். இவ்வரையறைக்கு அப்பாற்பட்ட நிற்றல் ஸ்தஸியொன்மான். ஆதலின், ஒருவர் ஆசனத்திலேயே அமர்ந்து, நண்பரின் வரவை எதிர்பார்த்து நெடுநேரம் காத்திருந்தால், ஆசனத்தில் இருந்தது ஒன்றினாலே அது அரே ஆகிவிடாது.

இங்கிலாந்திலே மக்கள் பார்க்கிங் என்று பேசுகின்றனர். வீதியோரத்து மஞ்சட் கோடுகளைப் பற்றிய விதிகளோ காத்திருத்தல் என்னும் பொருளுடைய வெயிட்டிங் என்னும் சொல்லை ஆளுகின்றன. இரட்டை மஞ்சட் கோட்டின்மீது காத்திருத்தலாகாது. ஆட்கள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நிற்கலாம். வேறு தடை குறிக்கப்படாத இடத்திலே பொருள்களை ஏற்றி இறக்கவும் நிற்கலாம். அங்கே வண்டியிலிருந்தவாறே, தாம் பார்க் செய்யவில்லை, சற்றே காத்திருந்ததாக ஒருவர் விடைபகர்ந்தால், சட்டம் தடுத்த செயலின் பெயரையே அவர் தம் வாயாற் சொல்லியவர் ஆவார்.

நியூயோர்க் நகரம் மூன்று சொற்களை வைத்திருக்கிறது. நோ பார்க்கிங் என்னும் பலகை உள்ள இடத்திலே ஆட்களையும் பொருள்களையும் ஏற்றி இறக்கச் சிறிது நேரம் நிற்கலாம். நோ ஸ்டாண்டிங் என்றால் ஆட்களை மாத்திரம் ஏற்றலாம், இறக்கலாம், பொருள்களைக் கையாளலாகாது. நோ ஸ்டொப்பிங் என்றால் இவை ஒன்றுக்கும் இடமில்லை. அகராதியை நோக்கினால் இம்மூன்றுக்கும் நிற்றல் என்னும் ஒரு பொருளே முன்வரும். அகராதி காட்டாத வேறுபாட்டை வீதிப் பலகை காட்டுகிறது.

நாடு கடந்து செல்வோர் இடர்ப்படாதிருக்க, சொல்லைவிட்டு உருவத்தை நாடினர் அறிஞர். வீதிக் குறிகளைப் பற்றிய வியன்னா உடன்படிக்கை 1968ஆம் ஆண்டிலே உருவாயிற்று. சிவப்பு விளிம்பும் நீல நிறமும் உடைய வட்டத்திலே ஒற்றைச் சரிகோடு இருந்தால் நிறுத்தி வைத்தல் தடை. இரு கோடுகள் குறுக்கிட்டால் நிற்றலே தடை. உருவம் பொதுவாயினும், ஒற்றைக் கோடு தடுப்பது எதுவரை என்பதை அந்தந்த நாட்டுச் சொல்லே தீர்மானிக்கிறது.

எண்கோணச் சிவப்புப் பலகையைப் பற்றிய செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. பிரான்சிலே அப்பலகையில் ஸ்டொப் என்னும் ஆங்கிலச் சொல்லே இருக்கிறது. கியூபெக்கிலோ பெரும்பாலும் அரே என்னும் பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்திலோ தன் நாட்டு மொழியிலோ எழுதிக்கொள்ள வியன்னா உடன்படிக்கை இடமளித்தது. பிரெஞ்சு மொழியின் தாயகம் கடன்சொல்லை அமைதியாக ஏற்க, ஆங்கிலம் சூழ்ந்த மாகாணம் தன் சொல்லை வீதி முனைதோறும் எழுதி வைத்தது. பிரெஞ்சை மாகாணத்தின் ஆட்சிமொழியாக உறுதிப்படுத்திய மொழிச் சாசனம் அங்கே 1977ஆம் ஆண்டிலே நிறைவேறியது. தன் மொழி நாளையும் இருக்குமோ என்னும் அச்சம் உள்ள இடத்திலே, ஒரு பலகைச் சொல்லும் பெருமதிப்புப் பெறும்.

ஓர் அடைமொழிக்கு என்ன விலை என்பதையும் பிரெஞ்சுச் சட்டம் காட்டுகிறது. பிறருக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தி வைத்தலுக்கு அங்கே 35 யூரோ தண்டப்பணம். 2015ஆம் ஆண்டிலே, மிக என்னும் பொருளுடைய த்ரே என்னும் சொல்லைச் சேர்த்து, மிக இடைஞ்சலான நிறுத்தல் என்று புதிய வகையொன்றை வகுத்தனர். நடைபாதைமீதும், பாதசாரிகள் கடக்கும் இடத்தின்மீதும், துவிச்சக்கர வண்டிப் பாதைமீதும் காரை நிறுத்துதல் அவ்வகையைச் சேரும். அதற்குத் தண்டப்பணம் 135 யூரோ. மிக என்னும் ஒரு சொல்லுக்கு 100 யூரோ.

2018ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. அதற்குமுன், கட்டணம் செலுத்தாது நிறுத்தியவர் 17 யூரோ தண்டப்பணம் செலுத்தினார். அது குற்றத்துக்குரிய தண்டனை. அந்நாள் தொட்டு அது நிறுத்தத்துக்குப் பிந்திய கட்டணம் என்னும் பெயரைப் பெற்றது. தொகையை அந்தந்த நகராட்சியே விதிக்கிறது. பெயரோடு தன்மையும் மாறிற்று: குற்றவாளி என்னும் நிலை நீங்கி, பொதுநிலத்தைப் பயன்படுத்தியதற்குக் கடன்பட்டவர் என்னும் நிலை வந்தது. பெயர் மென்மையாயிற்று, ஆயினும் பல நகரங்களிலே தொகை முன்னையதினும் உயர்ந்தது.

இங்கிலாந்திலே இதற்கு ஒப்பான நிலை உண்டு. நகரசபை அனுப்பும் ஓலை பெனல்டி சார்ஜ் நோட்டிஸ் எனப்படும். தண்டக் கட்டண அறிவித்தல் என்பது பொருள். தனியார் நிலத்தை நிருவகிக்கும் நிறுவனம் அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ். இரண்டையும் முதலெழுத்துக்களாற் சுருக்கினால் ஒரே சுருக்கம் வரும். ஒன்று சட்டத்தின் அதிகாரத்தால் வருவது. மற்றது உடன்படிக்கையின் வழியே கோரப்படுவது. பதற்றத்திலே இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். 2015ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் அதியுயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்றிலே, கடைத்தொகுதியொன்றின் இலவச நிறுத்துமிடத்தில் 2 மணி நேர எல்லையைக் கடந்து 56 நிமிடம் கூடுதலாக வண்டியை நிறுத்தியவரிடம் 85 பவுண் கோரப்பட்டிருந்தது. உடன்படிக்கையில் வரும் தொகை தண்டனைத் தன்மையுடையதாயின் அது செல்லாது என்பது ஆங்கில வழக்குச் சட்டம். அத்தொகை தண்டனையாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. நிறுத்துமிடத்தை ஒழுங்காக நடத்துவதிலே நிறுவனத்துக்கு நியாயமான நலன் உண்டு என்பது அதற்குக் காரணம். தண்டனையா, கட்டணமா என்னும் சொல்லாராய்ச்சியே வழக்கின் உயிர்நிலையாக இருந்தது.

இங்கிலாந்தின் வீதிச் சட்டக் கைந்நூல் 1931ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்தது. அதன் இன்றைய பதிப்புச் சொற்களை எடைபோட்டு வைத்திருக்கிறது. மஸ்ட் என்னும் வினை பெரிய எழுத்திலே வருமிடத்தில் அது சட்டத்தின் கட்டளை, மீறுதல் குற்றம். ஷுட் என்று வருமிடத்தில் அது அறிவுரை. ஆயினும் பிணக்கு நேர்ந்தால் நீதிமன்றம் அதனையும் கருத்திற் கொள்ளலாம். வீதியிலே முந்திச் செல்லும் உரிமையை அந்நூல் எவருக்கும் வழங்குவதில்லை; எப்பொழுது பிறருக்கு வழிவிட வேண்டும் என்றே சொல்கிறது. உரிமை என்னும் சொல்லைக் கையிலே கொடுத்தால் அதனை நிலைநாட்ட இருவரும் ஒரே சந்தியிலே மோதிக்கொள்வர். வழிவிடுதல் என்னும் சொல் அதனைத் தடுக்கிறது. சொல் தேர்வு உயிரைக் காக்கும் இடம் இது.

இவற்றையெல்லாம் நோக்கிய பின்னர்த் தமிழ் வழக்கைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். இலங்கையிலே வண்டி செலுத்துபவரைச் சாரதி என்பர். தேர் செலுத்தியவனின் பெயரை மோட்டார் வண்டிக்கு அளித்த அழகிய வழக்கு இது. தமிழகத்தார் ஓட்டுநர் என்பர். வண்டி நிறுத்தி வைக்கும் இடம் இலங்கையிலே வாகனத் தரிப்பிடம். பஸ் சிறிது நேரம் நின்று ஆட்களை ஏற்றிச் செல்லும் இடமும் இங்கே பஸ் தரிப்பிடமே. தமிழகத்திலும் பேருந்து நிறுத்தம், வாகன நிறுத்துமிடம் என்று இரண்டுக்கும் ஒரே வினையிலிருந்து பெயர் அமைந்திருக்கிறது. கணநேரம் நிற்பதும் நெடுநேரம் நிறுத்தி வைப்பதும் தமிழ்ச் சொல்லிலே ஒன்றாகக் கலந்து நிற்கின்றன என்பது இதனாற் புலனாகும்.

பேச்சிலே இக்கலப்பால் தீங்கு இல்லை. இடம்நோக்கிப் பொருள் விளங்கும். சட்டத்தையோ அறிவித்தலையோ தமிழாக்குபவருக்கு அது போதாது. அரே என்பதற்கும் ஸ்தஸியொன்மான் என்பதற்கும் தரித்தல் என்னும் ஒரே சொல்லை அவர் எழுதிவிட்டால், அதனைப் படிப்பவர் தடை எதுவென்று அறியமாட்டார். நோயாளியை மருத்துவமனை வாயிலிலே இறக்கிவிட அனுமதி உண்டா, இல்லையா என்னும் வினாவுக்கு அந்தத் தமிழ் விடை சொல்லாது. நிற்றலைச் சிறுபொழுதுக்கும், தரித்தலை நெடும்பொழுதுக்கும் உரியனவாக வரையறுத்துக்கொண்டு எழுதினால் இக்குறை நீங்கும். புதுச்சொல் படைக்க வேண்டிய தேவையும் இல்லை. உள்ள சொற்களுக்கு எல்லை வகுத்தலே போதும்.

மொழிபெயர்ப்பாளர் முதலிலே கேட்கவேண்டியது, இச்சொல்லுக்குத் தமிழிலே என்ன சொல் என்னும் வினா அன்று. இச்சொல் எதனை உள்ளடக்குகிறது, எதனை வெளியே விடுகிறது என்பதே அவர் கேட்கவேண்டிய வினா. அதற்கு விடை கண்ட பின்னர்த் தமிழ்ச் சொல் தானே வந்து அமையும். அயல்நாட்டு வீதியிலே வண்டி செலுத்தும் தமிழருக்கும் அதுவே தக்க வழி. பலகையிலுள்ள சொல் பழகிய சொல்லாகத் தோன்றும் இடத்திலே, அந்நாட்டார் அதற்கு இட்ட எல்லையை ஒருமுறை கேட்டறிந்து நிறுத்துவாராயின், திரும்பி வரும்பொழுது கண்ணாடியிலே தண்டச்சீட்டு இராது.